காகிதப்பூச் செடிக்கு வெயில் பழக்குதல்

பிப்ரவரி 5, புதன்

இன்று முதல் நான் தோட்டக்காரன். இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவனுக்குக் கிடைத்திருக்கிற பதவி உயர்வு இது.

தோள்பட்டை வலி என்று எனக்கு லைட் டியூட்டி கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. டெப்போ வாசலில் நாற்காலி போட்டு, வண்டி போகிற வருகிற நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தொந்தரவில்லாத வேலை. அது யார் கண்ணை உறுத்தியதோ தெரியவில்லை. காலையில் தோட்டக்கலைப் பண்ணையிலிருந்து ஒரு மினி லாரி வந்து எண்பத்துநான்கு கறுப்புப் பைகளை இறக்கிவிட்டுப் போனது. பைக்கு ஒரு குச்சி, பென்சில் கனத்தில். குச்சியின் உச்சியில் நாலைந்து இலை. காகிதப்பூவாம். கிளையை வெட்டி வைத்து இப்போதுதான் வேர் விட்டிருக்கிறதாம். டெப்போவைச் சுற்றி நட்டுப் பசுமையாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

மேனேஜர் லாரன்ஸ் சார் கூப்பிட்டார். “கோமதிநாயகம், மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் உமக்கு லைட் டியூட்டி இருக்கு. அதுவரைக்கும் இதப் பாத்துக்கிடும்.”

“சார், எனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

“எனக்கு மட்டும் தெரியுமா? வண்டிக்கு லாக் ஷீட் எழுதுத மாதிரி இதுக்கும் தினம் எழுதி வையும். யாராவது கேட்டா காட்டணும்.”

அதற்காகத்தான் இந்த டைரி. ஜவுளிக்கடையில் கொடுத்தது. பின் அட்டைக்குள் ஒரு பை இருக்கிறது. அதில் இரண்டு காகிதங்களை மடித்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் செடிக்கும் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பண்ணைக்குப் போன் செய்தேன். சொர்ணம் என்று ஒரு அம்மா எடுத்தார். குச்சி வெட்டி வேர் பிடிக்க வைப்பதே அவர் வேலையாம்.

“நேரா வெயில்ல மட்டும் வச்சிராதீங்க சார். இத்தன நாளும் நிழல் வலைக்குள்ள கெடந்தது. இன்னும் பத்து நாளு நல்ல நெழலு வேணும். அப்புறம் காலை வெயிலு அரை மணி நேரம். தாங்கிக்கிட்டா ஒரு மணி, ரெண்டு மணி. அப்படியே மெள்ள மெள்ள வெயில் பழக்கணும். ஒரேயடியா வெளிய விட்டா கருகிப் போயிரும். மண்ணு உதிராமப் பாத்துக்கோங்க, இதுக்கு வேரு பொசுக்குனு அறுந்திரும்.”

“மொத்தம் எத்தன நாளும்மா?”

“அத செடிதான் சார் சொல்லும்.”

செடி சொல்லுமாம். டெப்போவில் மனுஷன் கேட்டாலே பதில் வராது.

இந்த டெப்போவில் நிழல் என்று ஒன்று கிடையாது. இருந்த ஒரே வேப்பமரத்தையும் போன வருஷம் டீசல் பங்குக்காக வெட்டியாயிற்று. சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் மேற்குச் சுவருக்கும் அதை ஒட்டி நிற்கிற ஸ்பேர் வண்டிக்கும் நடுவில் ஐந்தடி இடம் கிடைத்தது. காலை வெயிலை வண்டி மறைக்கும். மதியத்துக்கு மேல் சுவர் மறைக்கும். உச்சி வெயிலுக்கு, சாக்குகளைத் தைத்து வண்டியின் ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் இழுத்துக் கட்டினேன். மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்தெட்டு பை. சொன்னால் நம்ப மாட்டார்கள், பார்க்க நன்றாகவே இருந்தது.

அந்த வண்டி நவம்பரிலிருந்து அங்கேதான் நிற்கிறது. வழியில் எந்த வண்டியாவது படுத்துவிட்டால் மாற்றி அனுப்ப ஒன்று வேண்டுமல்லவா, அதற்காம். ஆனால் எந்த டிரைவரும் அதை எடுக்க மாட்டேன் என்கிறான். கேட்டால், இன்னும் பூசை போடவில்லை என்பான். இடது பக்கம் முன் மட்கார்டில் மட்டும் புதுப் பெயின்ட். வரிசையின் முதல் பை அதற்கு நேர் கீழே வருகிறது. அந்த இடத்தில் மட்டும் சாக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஏழு பைகளில் டீ. குடித்துவிட்டு மிச்சத்தை ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு பைகளில் வெற்றிலை எச்சில். ஒரு கண்டக்டர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோதே பிடித்தேன். “செடிக்குத் தண்ணிதானய்யா ஊத்துதேன்” என்கிறான்.

பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்: இங்கே துப்புகிறவன் வாயில் கிரீஸ் அடைக்கப்படும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெக்கானிக் பூலுடையாரை என்ன செய்தால் தகும்?

ஐம்பத்தாறு வயசு. இந்த டெப்போவில் பூலுடையார் கை படாத எஞ்சின் கிடையாது. எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து பழக்கம். காலையில் நான் வாளியோடு வந்தால், முதல் வரிசையில் ஒன்பது பைகளில் மண் கறுப்பாக மினுமினுவென்று இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். கழிவு ஆயில்.

“யாருவே இது?” என்று கத்தினேன்.

“நாந்தான்வே” என்று சிரித்துக்கொண்டே வந்தார். “சுவர் ஓரமெல்லாம் கரையான் புத்தா இருக்கு. கொட்டகைக் கம்புக்கெல்லாம் ஆயில் ஊத்தித்தான நடுவோம்? முப்பது வருசம் ஆனாலும் அரிக்காது. குச்சிதான இதுவும்?”

“அது செத்த கம்பு, இது உசுரோட இருக்கு வே!”

அவர் முகம் சுருங்கிப்போனது. “எனக்கு என்னவே தெரியும். ஒமக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்” என்றார். அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை. நல்ல எண்ணத்தில் செய்கிறவனிடம்தான் எல்லாக் கோபமும் வீணாகிறது.

ஒன்பது போச்சு. மீதி எழுபத்தைந்து.

பிப்ரவரி 12, புதன்

எழுபத்துமூன்று. இரண்டைக் காணோம். டைம் ஆபீஸில் ஒருத்தர் வீட்டில் கிரகப்பிரவேசமாம். விசாரித்தால் பகை. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

மேனேஜர் வந்து பார்த்தார். “எல்லாம் பச்சையாத்தான இருக்கு? திங்கக்கிழமை நட்டுரலாமே. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுதாவ.”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. “சார், நெழல்ல நிக்குத வரைக்கும் எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். வெயில்ல கொண்டு நிறுத்தினா மூணே நாள்ல குச்சிதான் மிஞ்சும். அதுக்குத் தயாராகலைன்னா தயாராகலை. போட்டோவுக்காக அத வெரட்ட முடியாது” என்று சத்தம் போட்டேன். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி. மார்ச் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்கிடும்” என்றார். போகும்போது திரும்பி, “செடியச் சொன்னேன்” என்றார்.

பின்னே, நான் வேறு எதைச் சொன்னேனாம்?

பிப்ரவரி 17, திங்கள்

இன்று அரை மணி நேரம் காலை வெயில் காட்ட வேண்டும். எழுபத்துமூன்று பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்து மறுபடி உள்ளே வைத்தால் மண் உதிர்ந்துவிடும். வண்டியை ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டு, அரை மணி கழித்துத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால் முடிந்தது வேலை. பூலுடையாரிடம் நேற்றே சொல்லி வைத்தேன். “ஏழு மணிக்கு டாண்ணு வந்திருதேன்” என்றார்.

வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வந்தார். ஏழுக்கு அல்ல, ஒன்பதுக்கு. வண்டியை முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு, “இந்தா வாரேன்” என்று போனவரை ஏதோ கியர் பாக்ஸ் வேலை பிடித்துக்கொண்டது. நான் ஷெட்டுக்கும் சுவருக்குமாக எட்டு தடவை நடந்தேன். சாக்கையும் கட்ட முடியாது, கட்ட வண்டி இல்லையே. முறத்தையும் அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுபத்துமூன்று பைக்கு இரண்டு கை.

அவர் வந்தபோது மணி பன்னிரண்டே கால். பதினோரு செடிகளின் இலை அப்பளம்போல ஆகிவிட்டது.

“ஒரு முப்பது அடி. அத நீரே எடுத்திருக்கலாமேவே” என்றார்.

“தோள் வலி இருக்கு எனக்கு” என்றேன்.

அறுபத்திரண்டு.

பிப்ரவரி 20, வியாழன்

என்னோடு ஏழு வருஷம் கண்டக்டராக வந்த ஜேசுபாலன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். நவம்பருக்குப் பிறகு அவனை வேறு டிரைவரோடு போட்டுவிட்டார்கள். நான் தண்ணீர் தொட்டியிலிருந்து இரண்டு வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அண்ணாச்சி, தோள் வலிக்கலியா?”

“வலிக்கத்தான் செய்யுது.”

“ஜனவரியிலயே டாக்டர் ஃபிட்னஸ் கொடுத்திட்டாருன்னு மதினி சொன்னாவளே.”

என் வீட்டுக்காரி வாயை முதலில் தைக்க வேண்டும். “ஒன் வேலையப் பாத்துட்டுப் போடே” என்றேன். அவன் போகவில்லை. முதல் பையின் பக்கம் உட்கார்ந்து, தாழ்த்திக் கட்டிய சாக்கைத் தூக்கி மட்கார்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கீழே விட்டான்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நடந்ததுக்கு...”

“செடிய மிதிக்காத” என்றேன். அவன் கால் செடிக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

பிப்ரவரி 22, சனி

வீட்டில் வேறு தொல்லை. ஆவுடை, என் மனைவி, வாராவாரம் என் காக்கிச் சட்டையைத் தேய்த்துக் கதவுக் கொக்கியில் தொங்கவிடுகிறாள். போடாத சட்டைக்கு எதற்குத் தேய்ப்பு? கேட்டால், “சட்ட மக்கிப் போயிரக்கூடாதுல்லா” என்கிறாள். அதைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும், அதைத் தாண்டித்தான் சாப்பிட வர வேண்டும்.

“ஆவுடை, அத எடுத்து உள்ள வையி.”

“நீங்க ரெண்டு காயிதத்துல ஒண்ணக் கொடுங்க. அன்னைக்கே எடுத்து வைக்கேன்.”

இவளுக்கு அந்த இரண்டு காகிதமும் தெரிந்திருக்கிறது. டைரியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்தால் பார்க்கட்டும். ஒன்று, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட். இன்னொன்று, இனி வண்டி ஓட்ட முடியாது, காவல் வேலையாவது கொடுங்கள் என்று நான் எழுதிய விண்ணப்பம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். காவல் வேலைக்கு மாறினால் திரும்ப வர முடியாது. ஆவுடை படித்திருப்பாள் என்பதால் இங்கேயும் எழுதிவிட்டேன். இப்போது திருப்தியா?

பிப்ரவரி 24, திங்கள்

வண்டியை நானே நகர்த்தினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். களைப்பு.

ஐந்து நாளாக ஒருத்தனும் வரவில்லை. பூலுடையாருக்குப் பல் வலி. அப்புறம் மச்சினன் வீட்டு விசேஷம். மற்ற டிரைவர்களிடம் கேட்டால் டிரிப்புக்கு நேரமாச்சு என்கிறார்கள். வெயில் பார்க்காமல் இலையெல்லாம் வெளிறி, தண்டு ஒட்டடைக் கம்புபோல மெலிந்து மேலே மேலே போகிறது. சொர்ணம் அம்மாவிடம் போனில் சொன்னேன். “நெழல்லயே ரொம்ப நாள் வச்சாலும் வீணாப் போயிரும் சார்” என்றார். வெயிலில் வைத்தாலும் சாகும், நிழலில் வைத்தாலும் சாகும். என்ன செடி இது!

நேற்றுக் காலை ஏழு மணிக்குச் சாக்குகளை அவிழ்த்தேன். வலது பக்கம் போய், டிரைவர் கதவைத் திறந்து ஏறினேன். எங்கள் வண்டிகளுக்குச் சாவி கிடையாது, சுவிட்சை அமுக்கினால் போதும். சீட்டை எவனோ முன்னால் இழுத்து வைத்திருந்தான். என் நீளத்துக்குச் சரி செய்யவே நேரமானது. ஸ்டியரிங்கைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். அதற்கப்புறம் துடைக்க ஒன்றும் இல்லை.

செடிகள் இடது பக்கம் இருக்கின்றன. இடது கண்ணாடியைப் பார்க்காமல் எடுத்தால் பைமேல் ஏறிவிடும். பார்த்தேன். கண்ணாடியில் அறுபத்திரண்டு கறுப்புப் பை தெரிந்தது, வேறு ஒன்றுமில்லை. முதல் கியரில் போட்டு முப்பது அடி எடுத்தேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் உள்ளங்கை நனைந்து ஸ்டியரிங் வழுக்குகிறது. சட்டையைப் பிழியலாம்.

பூலுடையார் ஏர் பம்ப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பல் வலிக்காரர் சுடச்சுட டீ குடிக்கிறார். பார்த்துக்கொண்டு நிற்கிறவர் வந்து எடுத்திருந்தால் என்னவாம்?

அரை மணி கழித்து ரிவர்சில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு பைகூட நசுங்கவில்லை.

மார்ச் 1, சனி

ஒரு மணி நேரம் வெயில். தாங்குகின்றன. எஞ்சின் சூடாகாமல் கரும்புகை விடுகிறது, இதை இத்தனை மாதம் சும்மா நிறுத்தி வைத்திருந்தால் வேறு என்ன ஆகும்? பூலுடையாரிடம் சண்டை போட்டு ஃபில்டர் மாற்ற வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது வரிசையில் பன்னிரண்டாவது பை. கணுவில் சிவப்பாக ஒரு புள்ளி. புதுத் துளிர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். சொல்ல ஆள் கிடைக்காமல் வாசல் செக்யூரிட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். “இதுக்கா அண்ணாச்சி ஓடி வரச் சொன்னீய?” என்றான். ரசனை கெட்டவன்.

மார்ச் 7, வெள்ளி

கேள்விப்பட்டதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அந்த ரசனை கெட்டவன்தான் வாயை விட்டான். பிப்ரவரி 18க்குப் பிறகு பூலுடையார் டெப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம்: “அந்த வண்டிய கோமதிநாயகத்தத் தவிர ஒருத்தனும் தொடக்கூடாது. அவன் கால்ல விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கக்கூடாது.” மேனேஜருக்கும் தெரியுமாம். ஜேசுபாலனுக்கும் தெரியுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே ஷெட்டுக்குப் போனேன். பூலுடையார் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

“என்னவே நெனச்சிட்டிருக்கீரு? நான் என்ன சின்னப் பிள்ளையா? ஒம்ம சோதனைக்கு எஞ் செடிதான் கெடச்சுதா? அந்த அஞ்சு நாள்ல எத்தன இல வெளுத்துச்சு தெரியுமா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இப்பம் எத்தன மணி நேரம் வெயில்ல வைக்கீரு?”

“ரெண்டு மணி.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு” என்றேன்.

“அப்பம் போயி வேலையப் பாரும்” என்று மறுபடி வண்டிக்கு அடியில் நகர்ந்துவிட்டார்.

மனுஷனா இவர்?

மார்ச் 13, வியாழன்

மூன்று மணி நேரம். முப்பது அடி போதவில்லை. வண்டி தள்ளி நின்றால்தான் வரிசை முழுக்க வெயில் படுகிறது. அதனால் காலையில் எடுத்து, டெப்போவை ஒரு சுற்றுச் சுற்றி, டீசல் பங்கு பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பத்து மணிக்கு மறுபடி ஒரு சுற்று. எல்லாம் செடிக்காக.

மார்ச் 21, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது?

காலை எட்டே காலுக்கு மேனேஜர் சுவர் பக்கம் வந்தார். கூடவே ஜேசுபாலன், தோளில் பையோடு. ஏழே கால் வண்டி ஊத்துப்பட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துவிட்டது. உள்ளே முப்பத்தெட்டு பிளஸ் டூ பிள்ளைகள். பத்து மணிக்குப் பரீட்சை. டெப்போவில் இருந்த டிரைவர் எல்லோரும் டிரிப் போய்விட்டார்கள். நிற்பது இந்த ஒரு வண்டி.

மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். “சார், செடி இன்னும் நாலு மணி நேரத்துக்குத்தான் பழகியிருக்கு. வண்டியக் கொண்டு போயிட்டா சாக்குக் கட்ட எடமில்ல. உச்சி வெயில்ல எல்லாம் கருகிரும்.”

“செடிய நான் பாத்துக்கிடுதேன்.”

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

“தெரியாதுதான். பாத்துக்கிடுதேன்” என்றார். பிறகு கையை நீட்டினார். “அந்தக் காயிதத்தக் கொடும்.”

எந்தக் காகிதம் என்று நான் கேட்கவில்லை. டைரி வாளி பக்கத்தில்தான் இருந்தது. பின் அட்டையில் விரலை விட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஜேசுபாலன் ஏறினான். விசில் அடித்தான். நாலு மாதம் கழித்து அவன் விசில்.

ஊத்துப்பட்டி விலக்கு, டெப்போவிலிருந்து பதினோராவது கிலோமீட்டர். இடது பக்கத்திலிருந்து ஒரு மண் ரோடு சரிவாக இறங்கி வந்து சேரும். நூறு அடிக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். ஹாரன் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். ரோட்டில் ஒரு கோழிகூட இல்லை. ஜேசுபாலன் முன்னால் வந்து என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாண்டினோம்.

ஒன்பதரைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினேன். ஒரு பிள்ளை இறங்கும்போது, “டிரைவர் அங்கிள், ஏன் இவ்ளோ மெதுவா வந்தீங்க, எனக்கு ஹார்ட்டே நின்னுபோச்சு” என்று சொல்லிவிட்டு ஓடியது. நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன், இது கிடைத்தது.

அந்த ரூட்டிலேயே சாயங்காலம் வரைக்கும் ஓட்ட வைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு டெப்போவுக்குள் திரும்பினால், மேற்குச் சுவர் ஓரம் வேறொரு வண்டி நிற்கிறது. சாக்குகள் எல்லாம் அதன் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கின்றன. செடிக்கு நிழல் வேண்டுமென்று மேனேஜர் சொல்லி, ரிப்பேருக்கு வந்த வண்டியை எவனோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். நல்ல எண்ணம்தான். இந்த டெப்போவில் எல்லாமே நல்ல எண்ணம்தான். இடது பக்கப் பின் சக்கரம், மூன்றாவது வரிசையில் இரண்டு பைகளின் மேல் நிற்கிறது.

தொண்டை கிழியக் கத்தினேன். நிறுத்தியவன் வீட்டுக்குப் போய்விட்டான். பூலுடையார் ஓடி வந்தார். “எடுத்திரலாம்வே, நான் எடுக்கேன்” என்று ஏறப் போனார்.

“எடுக்காதீரும். அடியில பாக்காம எடுத்தா இன்னும் நசுங்கும்” என்றேன்.

அடியில் யாராவது பார்க்க வேண்டும். எல்லோரும் சும்மா நின்றார்கள். ஜேசுபாலன் குனியப் போனான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதியும் அவன்தான் குனிந்தான்.

இத்தனை நாள் எழுதாததை எழுதிவிடுகிறேன். காலை ஏழு இருபது, அதே ஊத்துப்பட்டி விலக்கு. பால்காரர், வேலாண்டி என்று பெயர். சரிவில் சைக்கிள் பிரேக் பிடிக்காமல் நேரே வந்து வண்டியின் இடது பக்கம் மோதி அடியில் விழுந்தார். என் மேல் தப்பில்லை. போலீசும் அப்படித்தான் எழுதினார்கள், டெப்போ விசாரணையிலும் அப்படித்தான் வந்தது. வண்டி முழுக்கச் சாட்சி. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. நான் இறங்கவில்லை. அதுதான். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடது கண்ணாடியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அசைந்துகொண்டிருந்தது. ஜேசுபாலன் குதித்து இறங்கினான், அடியில் புகுந்தான், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான், தண்ணீர் கொடுத்தான். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் நான் சீட்டில்தான் இருந்தேன். “அண்ணாச்சி, வாங்க” என்று அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். போகிற வழியில் அவர் இறந்துவிட்டார். இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்றில்லை. ஆனால் நான் இறங்கவில்லை. ஜேசுபாலன் இதை எந்த விசாரணையிலும் சொல்லவில்லை. அதற்காகவே அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இன்று குனிந்தேன். குனிந்தது போதவில்லை, மண்டியிட்டேன், அதுவும் போதாமல் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். டீசல் நாற்றம். ஒரு பை முழுக்க நசுங்கித் தண்டு நார் நாராகக் கிடந்தது. இன்னொன்று பாதிதான் மாட்டியிருந்தது. கையால் மண்ணைத் தோண்டித் தோண்டி, சக்கரத்துக்கு அடியிலிருந்து அதை அலுங்காமல் உருவினேன். பை கிழிந்துவிட்டது. மண் உருண்டை கையில் நின்றது. சுற்றிலும் வெள்ளை வேர், நூல்போல. அறுபடவில்லை.

வெளியே வந்தபோது முகமெல்லாம் மண்ணும் ஆயிலும். அழுதேன். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் இல்லை. பூலுடையார் வேறு பக்கம் பார்த்தார். ஜேசுபாலன் ஒரு புதுப் பையை விரித்துப் பிடித்தான்.

“வேர்ல கை படாமப் பிடி” என்றேன்.

“பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி.”

மார்ச் 22, சனி

அறுபத்தொன்று. உச்சி வெயில் பட்ட எந்தச் செடியும் கருகவில்லை. சக்கரத்தடியில் கிடந்தது மட்டும் தலை தொங்கி நிற்கிறது. மேனேஜர் வந்து, “பாத்தீரா, பத்திரமாப் பாத்துக்கிட்டேன்” என்றார்.

மார்ச் 28, வெள்ளி

சுவர் ஓரம் எல்லாவற்றையும் நட்டோம். பையைக் கிழிக்கும்போது மண் உதிராமல் பிடிக்க ஆள் பற்றாமல் ஆவுடையையும் வரச் சொன்னேன். அவள் நட்டதுதான் எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்தது. அதைச் சொன்னதற்கு, “வெவரமில்லாத ஆளுங்களோட சேந்து பாத்ததுனால ஒங்களுக்கு அப்படித் தெரியுது” என்கிறாள். தலை தொங்கிய செடியின் அடிக் கணுவில் சிவப்புப் புள்ளி.

மார்ச் 31, திங்கள்

லைட் டியூட்டி முடிந்தது. காவல் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தின் பின் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்: காலை ஒரு வேளை தண்ணீர். மதியம் ஊற்றக்கூடாது. டீ ஊற்றக்கூடாது. துப்பக்கூடாது. ஆயில் ஊற்றினால் கையை ஒடிப்பேன், பூலுடையார் உட்பட.

ஏப்ரல் 1, செவ்வாய்

6.50 டிரிப். அதே வண்டி. ஜேசுபாலனையே போட்டிருக்கிறார்கள். காக்கிச் சட்டை கழுத்துப் பக்கம் இறுக்குகிறது, தேய்த்துத் தேய்த்தே சுருக்கிவிட்டாள்.

ஊத்துப்பட்டி விலக்கில் ஏற ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. நிறுத்தினேன். என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, முன்னால் சுற்றி இடது பக்கம் போனேன். அந்த மண் ரோடு சேர்கிற இடத்தில் நின்றேன். வண்டிக்குள்ளிருந்து ஒருத்தர், “என்னாச்சு டிரைவர், பங்ச்சரா?” என்று கேட்டார். ஜேசுபாலன் அவரிடம் ஏதோ சொன்னான். விசில் அடிக்கவில்லை. நான் திரும்பி வந்து ஏறும்வரை காத்திருந்தான்.

மூன்று நிமிஷம் தாமதம். லாக் ஷீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ‘டிரைவர் கீழே இறங்கினார்’ என்று எழுதினேன். டைம் ஆபீஸில் இதற்கும் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.